விலை தெரியாத பொன்னாடை

அந்த அறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என்னோடு வேலை பார்த்த முருகேசன் அண்ணன், மேசைக்கு அந்தப் பக்கம் ஜென்னா என்ற இளம்பெண். சுவரில் தாடி வைத்த ஒருவரின் பழைய படம் தொங்கியது. அவரையும் சேர்த்தால் நான்கு.

வராதவர்கள்: நாங்கள் யாரைப் பார்க்கப் போனோமோ அந்தக் காங்கிரஸ் உறுப்பினர். நம் ஊர்க் கணக்கில் எம்.பி. அவர் வாஷிங்டனில் இருந்தார். என் மனைவி நசீமா வரவில்லை. அவள் மேலப்பாளையத்தில் அவள் உம்மா வீட்டில் ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். அந்த வயிற்றுக்குள் இன்னொரு ஆள். அதற்கு அப்போது பெயர் இல்லை.

நியூ ஜெர்சியில் ஆகஸ்ட் மாத வெயில். அறைக்குள் ஏசி குளிர். ஆனாலும் என் உள்ளங்கை வியர்த்து, மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் கவர் ஒட்டிக்கொண்டது. கவருக்குள் ஒரு பொன்னாடை.

"உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?" என்று ஜென்னா ஆங்கிலத்தில் கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை ஓர் அரசு அலுவலகத்தில் என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

படத்தில் இருந்தவரை எனக்குத் தெரியும்.

நூலகமாகிவிட்ட வீடு

அவர் பெயர் எஃப்ரைம் டோல்வர். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, காங்கிரஸுக்குப் போனவர். பிரிட்ஜ்வாட்டரில் நான் தங்கியிருந்த அபார்ட்மெண்டிலிருந்து பத்து நிமிடம் காரில் போனால் அவர் வாழ்ந்த வீடு. இப்போது அது ஒரு சின்ன நூலகம்.

சனிக்கிழமைகளில் நான் அங்கே போகத் தொடங்கியதற்குக் காரணம் படிப்பு ஆசை அல்ல. அபார்ட்மெண்டில் தனியாக இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசா வெப்சைட்டைத் திறந்து பார்ப்பேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று இருக்கும். மறுபடி திறப்பேன். அப்படியே சாயங்காலம் ஆகிவிடும்.

நூலகத்தைப் பார்த்துக்கொண்ட ஹெலன் என்ற அம்மாள், நான் டேட்டாபேஸ் வேலை செய்கிறவன் என்று தெரிந்ததும் விடவில்லை. மாடியில் டோல்வருடைய பழைய பதிவேடுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சம்பளம் கிடையாது. பேனா கொண்டு வரக்கூடாது, பென்சில் மட்டும். காபி குடித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினால் ஹெலன் கீழேயிருந்தே கத்துவார். அவருக்கு எப்படித் தெரியும் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

டோல்வருடைய அப்பா காட்டில் கரி சுட்டு விற்றவர். எழுதத் தெரியாது. நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அந்தப் பக்கத்தை முதலில் பார்த்தபோது கொஞ்ச நேரம் திருப்பாமல் வைத்திருந்தேன். அரிசி மண்டியில் மூட்டை தூக்கிய என் வாப்பா, என் கல்லூரி விண்ணப்பத்தில் வைத்த பெருவிரல் ரேகை ஞாபகம் வந்தது. மையைத் தலையில் தடவித் துடைத்துக்கொண்டே, "சரியா விழுந்திருக்கால?" என்று கேட்டார்.

டோல்வர் பதினேழு வயதில் வாத்தியார் ஆனார். ஒரே அறைப் பள்ளிக்கூடம். பின்வரிசைப் பையன்கள் அவரைவிட உயரம். முதல் குளிர்காலத்தில் அவர்கள் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வாத்தியாரைப் பனியில் நிறுத்திவிட்டார்கள். அவர் ஜன்னல் வழியாகவே அட்டெண்டன்ஸ் எடுத்திருக்கிறார். வந்தவனுக்கு ஒரு நேர்கோடு, வராதவனுக்கு ஒரு சின்ன வட்டம். அன்றைய பக்கத்தில் எல்லோருக்கும் கோடு. தன் பெயரையும் கடைசியில் எழுதி அதற்கு மட்டும் வட்டம் போட்டிருந்தார்.

அவர் சட்டம் படித்ததும் தேர்தலில் நின்றதும் பின்னால். காங்கிரஸுக்குப் போன பிறகும் பழக்கம் மாறவில்லை. அதே மாதிரி பதிவேடு, அதே கோடு, வட்டம். மாணவர் பெயர்களுக்குப் பதில், உதவி கேட்டுக் கடிதம் எழுதியவர்களின் பெயர்கள். போரில் செத்த கணவனின் பென்ஷன் வராத பெண். மகன் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று தெரியாத தாய். காரியம் முடிந்தால் கோடு, முடியாவிட்டால் வட்டம். நிறைய வட்டங்கள் இருந்தன.

"இவங்க எல்லாம் யார்?" என்று ஹெலனிடம் கேட்டேன்.

"தொகுதி மக்கள். கஷ்டம்னா காங்கிரஸ் உறுப்பினருக்குத்தானே எழுதணும்."

"இப்பவும் எழுதலாமா?"

ஹெலன் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "வேறெதுக்கு அவங்க இருக்காங்க?"

"எனக்கு ஓட்டு இல்லையே."

"நீ இங்கேதானே குடியிருக்கே?"

அப்படித்தான் அந்த அலுவலகத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன்.

எட்டு மாதக் கணக்கு

நசீமா ஊருக்குப் போனது அவள் தங்கை கல்யாணத்துக்கு. ஏப்ரலில் போய் மே மாதம் திரும்புவதாகத் திட்டம். திரும்பி வரப் பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை வேண்டும். சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் இன்டர்வியூ. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில்தான் முடிந்தது. கையில் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்து, கூடுதல் சரிபார்ப்பு இருக்கிறது, காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

நியூயார்க் கோபுரங்கள் விழுந்த அந்த செப்டம்பருக்குப் பிந்தைய காலம் அது. எங்கள் மாதிரிப் பெயர் உள்ள பலருக்கு அந்தத் துண்டுச்சீட்டு கிடைத்தது. எத்தனை நாள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேட்கக் கேட்கச் சந்தேகம் வருமோ என்று கேட்கவும் பயம்.

நான் ஊருக்குப் போய்விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் பாஸ்போர்ட்டிலும் முத்திரை காலாவதி ஆகியிருந்தது. நான் வெளியே போனால் எனக்கும் அதே சீட்டு. வேலை போகும். வேலை போனால் அவள் வர விசாவே இல்லை. இந்தக் கணக்கைத் தினமும் புதிதாகப் போட்டுப் பார்ப்பேன், விடை மாறுமா என்று.

டிக்கெட் ஏஜென்ட் ஒரு தேதி சொல்லியிருந்தார். எட்டு மாதம் முடிந்துவிட்டால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். டாக்டர் எழுதிய வாரக் கணக்குப்படி செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை கடைசி நாள். அந்த வியாழனுக்கு ஓர் இருக்கை பதிவு செய்து வைத்திருந்தேன்.

காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் காலிங் கார்டு போட்டுப் பேசுவேன். அங்கே சாயங்காலம்.

"மச்சான், ஒண்ணும் வரலியா?"

"இல்லம்மா. பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"உங்க உம்மா தெனமும் வந்து கேக்காவ. வயித்தத் தொட்டுப் பாத்துட்டு, பேரப்பிள்ள அமெரிக்காவுலயா இங்கயான்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

"அமெரிக்காவுலன்னு சொல்லு."

"அப்ப உங்க வாய்க்குச் சக்கரைதான்" என்று சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகு ஒரு மூச்சு கேட்டது. அதை நான் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

வெறுங்கையோடு போவதா?

முருகேசன் அண்ணன் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். பிரிட்ஜ்வாட்டரில் சொந்த வீடு. எனக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, வாடகைப் பத்திரத்தில் சாட்சி போட்டது, நோன்பு நாளில் ஆபீஸ் மீட்டிங்கை மாற்றி வைத்தது எல்லாம் அவர்தான். எம்.பி. ஆபீஸுக்குத் தனியாகப் போகாதே, நானும் வருகிறேன் என்றார்.

கிளம்பும்போது கையில் ஒரு பொன்னாடை. மஞ்சள் துணி, இரண்டு பக்கமும் ஜரிகை, மடிப்புக் கலையாமல் கண்ணாடித்தாள் கவரில்.

"எதுக்குண்ணே இது?"

"என்ன தம்பி இப்படிக் கேக்கற? எம்.பி.யப் பாக்கப் போறோம். கைய வீசிட்டா போறது? எங்கூர்ல எம்.எல்.ஏ.வோட பி.ஏ.வப் பாக்கோணும்னாக்கூட ஒரு எலுமிச்சம்பழமாச்சும் கொண்டுபோவோம்."

"இங்க அப்படி உண்டான்னு தெரியலியே."

"மரியாதைன்னா எல்லா ஊர்லயும் மரியாதைதான். பணமா குடுக்கறோம்? துணி தம்பி, துணி."

பின் இருக்கையில் அவர் மகள் பிரியா. பத்து வயது. நீச்சல் வகுப்பில் இறக்கிவிட வேண்டும். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

"அப்பா, தட்ஸ் லைக் எ பிரைப்" என்றாள்.

"லஞ்சமா? உனக்கு என்ன தெரியும்? பெல்ட்டப் போடு."

"ஐ'ம் ஜஸ்ட் சேயிங்."

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொன்னாடையைக் காரிலேயே வைத்துவிட்டுப் போகலாம் அண்ணே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையில் எனக்கும் வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது. ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்க்க வாப்பா தாலுகா ஆபீஸுக்கு ஆறு தடவை நடந்தார். ஆறாவது தடவை ஒரு சீப்பு நேந்திரம்பழம் கொண்டு போனார். பெயர் சேர்ந்தது. ஆறாவது தடவை என்பதாலா, பழத்தாலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பழம் மனதில் நின்றுவிட்டது.

போர்த்தினேன்

ஜென்னா நல்ல பெண். இரண்டு பக்கம் குறித்துக்கொண்டாள். வியாழக்கிழமை தேதியைச் சொன்னதும் அதன் அடியில் கோடு போட்டாள். "இன்றைக்கே ஒரு விசாரணைக் கடிதம் அனுப்பிவிடுகிறேன். சென்னைத் தூதரகம் எங்களுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்" என்றாள்.

இன்றைக்கே. மூன்று மாதமாக யாரும் என்னிடம் 'இன்றைக்கே' என்று சொன்னதில்லை.

அண்ணன் முழங்கையால் இடித்தார். "தம்பி, இப்பப் போத்து."

"எம்.பி. இல்லியேண்ணே."

"இந்தப் பொண்ணுக்கே போத்து. வேலை செய்யறது இவதான?"

நான் எழுந்து மேசையைச் சுற்றிப் போய், கவரிலிருந்து பொன்னாடையை உதறி, ஜென்னாவின் தோளில் போர்த்திவிட்டேன்.

அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள், துப்பாக்கியைக் கண்டவள்போல. பிறகு ஒரு விரலால் பொன்னாடையை மெதுவாக எடுத்து, மேசையில், என் மனுவின் மேலேயே வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. ஓர் அரசு ஆபீஸில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பயந்து நான் பார்த்ததில்லை.

"இதன் விலை என்ன?" என்றாள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"சும்மா ஒரு ஷால்" என்றேன்.

"புரிகிறது. ஆனால் விலையை எழுதியாக வேண்டும். ஐம்பது டாலருக்குக் குறைவு என்றால் ஒரு மாதிரி, அதிகம் என்றால் வேறு மாதிரி. ஜரிகை தங்கமா?"

"சொல்லிர்லாம் தம்பி, பத்து டாலர்னு" என்றார் அண்ணன்.

"உண்மையிலயே எவ்வளவுண்ணே?"

"அதான் தெரியாதே. இது எனக்குப் போத்துனது."

பொன்னாடை என்பது யாரும் உடுத்துகிற துணி அல்ல, ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் போகிற துணி என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதை ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தேன். எங்களுக்குக் கிடைத்த பரிசைத்தான் உனக்குத் தருகிறோம் என்று நான் சொல்லச் சொல்ல, அவள் முகம் இன்னும் இறுகியது. என் கதை எனக்கே திருட்டுப்பொருள் கதைபோலக் கேட்டது. பத்து டாலர் என்று பொய் எழுதவும் கை வரவில்லை. விசாரணைக் கடிதமே எங்கள் பெயரை நம்பச் சொல்லித்தானே போகப்போகிறது?

ஜென்னா ஒரு படிவத்தை எடுத்தாள். பொன்னாடையைத் திருப்பித் தந்தாலும் பதிவு செய்தே ஆகவேண்டும். விலை தெரியும்வரை வாஷிங்டன் அலுவலகம் என் மனுவைத் தொடச் சம்மதிக்காது என்றாள். பரிசு வாங்கிக்கொண்டு வேலை செய்ததாக நாளை யாரும் சொல்லக்கூடாது. "விலையைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். சீக்கிரம்" என்றாள்.

பொன்னாடை வந்த வழி

அன்றே ஆரம்பித்தோம். அண்ணனுக்கு அதைப் போர்த்தியவர் எடிசனில் இருந்த ஒரு டாக்டர். டாக்டர் ஊரில் இல்லை, மூன்று நாள் கழித்து வந்தார். "இது எனக்கு டெக்ஸாஸ்ல ஒரு ஃபங்ஷன்ல போட்டாங்கப்பா" என்றார். டெக்ஸாஸில் பேர்லேண்ட். போர்த்தியவர் அங்கே கோயிலுக்குப் பக்கத்தில் வீடு வாங்கியிருந்த ஓர் ஆயில் கம்பெனி இன்ஜினியர். அவருக்கு மெசேஜ் மேல் மெசேஜ் விட்டு ஐந்தாம் நாள் பிடித்தோம்.

"எனக்கு சான் ஹோசேல மச்சினன் கிரகப்பிரவேசத்துல கெடச்சது. ஏன் சார், எதாவது கிழிஞ்சிருக்கா?"

"இல்லீங்க, வெல தெரியோணும்."

"வெலையா? பொன்னாடைக்கா?" அவர் சிரித்த சிரிப்பு ஸ்பீக்கர் ஃபோனில் அறை முழுக்கக் கேட்டது.

வேறு நேரமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஒவ்வொரு நாளும் காலண்டரில் வியாழன் ஒரு கட்டம் நெருங்கி வந்தது. நசீமாவிடம் எம்.பி. ஆபீஸில் கடிதம் போட்டுவிட்டார்கள் என்று பொய் சொல்லியிருந்தேன். அவள் சந்தோஷத்தில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். "குழந்தைக்கு ரெண்டு ஸ்வெட்டர் பின்னிருக்கேன். அங்க குளிருமுல்லா?"

ஒன்பதாம் நாள் சான் ஹோசேக்காரரின் மனைவி அகப்பட்டார். அவர்தான் வாங்கியவர். தி.நகரில் ஒரு டஜனாக வாங்கினாராம். பில்லைக்கூட வைத்திருந்தார். ஒன்று முந்நூற்று எண்பது ரூபாய். அன்றைய கணக்கில் எட்டு டாலர்.

ஜென்னா எட்டு என்று எழுதினாள். அன்று மாலையே கடிதம் போயிற்று.

கடைசிப் பக்கம்

அந்தச் சனிக்கிழமை நூலக மாடியில் உட்கார்ந்து, மிச்சம் இருந்த பதிவேட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கைம்பெண் டோல்வருக்குப் பன்றித் தொடை இறைச்சி அனுப்பியிருக்கிறார். எடையைக் குறித்துக்கொண்டு திருப்பி அனுப்பியிருக்கிறார் டோல்வர். வண்டிக்கூலி தன் கையிலிருந்து.

ஏன் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தக் கால வாத்தியாருக்குத் தங்க வீடு கிடையாது. மாணவர் வீடுகளில் வாரத்துக்கு ஒரு வீடாகத் தங்கிச் சாப்பிடுவார். ஒரு வீட்டில் தினமும் கோழி. அந்த வீட்டுப் பையனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனாலும் அவனை மேல் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார். அதனால் கீழே இறங்கிய இன்னொரு பையன் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அந்தப் பெயருக்கு நேரே பக்கம் பக்கமாக வட்டங்கள். அதன் பிறகு எந்த வீட்டுச் சாப்பாட்டுக்கும் காசு கொடுத்தே சாப்பிட்டாராம்.

பத்து நாள் முன்னால் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கக்கூடாதா என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். கீழேயிருந்து ஹெலன், "என்ன சத்தம்?" என்றார்.

கடைசிப் பக்கம் அவர் வீட்டாருக்கானது. வாஷிங்டனில் இருந்தபோது எழுதியது. மனைவி, இரண்டு மகன்கள், எல்லோருக்கும் தினமும் கோடு. தன் பெயருக்கு நேரே வட்டம். பக்கத்தின் நடுவில், ஒரு தேதியிலிருந்து நான்காவதாக ஒரு வரிசை தொடங்குகிறது. முதலில் கோடுகள் மட்டும், பெயர் இல்லை. பெயர் பிறகு வேறு மையில் எழுதப்பட்டிருந்தது. ஒரு பெண் குழந்தையின் பெயர். அவர் பெயருக்கு நேரே அதன் பிறகும் வட்டங்கள்தான், அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை. அடியில் மொத்தம் போட்டிருந்தார்.

மூன்றாம் முறை நின்றபோது அவர் தேர்தலில் தோற்று, அதே பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகவே திரும்பினார். ஊரார் பரிதாபப்பட்டார்களாம். முதல் நாள் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே அவர் போட்ட கோடு மற்றக் கோடுகளைவிட இரண்டு மடங்கு நீளம்.

நான் பதிவேட்டை மூடிவிட்டேன். அன்று மேற்கொண்டு ஏற்றவில்லை.

மொத்தம்

விசா வந்தது. வியாழக்கிழமைக்கு நான்கு நாள் கழித்து வந்தது.

ஏஜென்ட் ஏற்றமாட்டேன் என்றார். டாக்டரம்மாவும் முடியாது என்றார். நசீமா அழவில்லை. "பரவாயில்ல மச்சான். ஸ்வெட்டர் அப்படியே இருக்கட்டும்" என்றாள். பொன்னாடையால் போன ஒன்பது நாளைப் பற்றி அன்றுதான் அவளிடம் சொன்னேன். கார்டில் நிமிடங்கள் தீரும்வரை அவள் எதுவும் சொல்லவில்லை.

முருகேசன் அண்ணன் ஒரு வாரம் என் இருக்கைப் பக்கமே வரவில்லை. பிறகு பார்க்கிங்கில் வழிமறித்து, "என்னாலதான் தம்பி" என்றார். "நான்தான்ணே போத்துனேன்" என்றேன்.

மகள் மேலப்பாளையத்தில் பிறந்தாள். அவளுக்குத் தனியாகப் பாஸ்போர்ட், தனியாக விசா, அதற்கும் காத்திருப்பு. அவர்கள் வந்த அன்று நூவர்க் விமான நிலையத்துக்கு அண்ணன்தான் காரோட்டி வந்தார். பின்னிய ஸ்வெட்டர் அவளுக்குப் பத்தாமல், கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது. என் கைக்கு வந்ததும் திரும்பி உம்மாவைத் தேடினாள்.

"யாருன்னு பாக்கா" என்றாள் நசீமா. "சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க."

நான் ஸ்வெட்டரின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஜென்னா திருப்பி அனுப்பிய பொன்னாடை இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. அதை யாருக்கும் நாங்கள் போர்த்தவில்லை. உறைக்குள் அந்தப் படிவத்தின் நகலும் உண்டு. விலை என்ற இடத்தில் அவள் கையெழுத்தில் எட்டு டாலர். அதன் கீழே, விமான நிலையத்திலிருந்து வந்த அன்று, நான் பென்சிலால் எழுதியிருக்கிறேன். நசீமா ஏறியிருக்க வேண்டிய வியாழக்கிழமையிலிருந்து எண்ணி, நாளுக்கு ஒரு சின்ன வட்டம் என் பெயருக்கு நேரே. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.